வந்து சேராத திருத்தங்கள்

செம்பூரில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில், வரும் புகார்களுக்கு முதல் பதிலை இப்போது ஓர் இயந்திரம் எழுதுகிறது. ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் அங்கே போய் உட்கார்ந்து சில பதில்களைப் படித்துப் பார்த்தேன். மரியாதையாக இருந்தன. பெரும்பாலும் சரியாகவும் இருந்தன. ஆட்கள் இந்த வேலையை எப்படிச் செய்தார்கள் என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்டார்கள். வாயால் சொன்னால் அரட்டையாகிவிடும், எழுதித் தருகிறேன் என்றேன்.

எங்கள் பொருள் ஓர் எடிட்டர். இணையப் பக்கத்தில் எதையாவது எழுதுவதற்கு ஒரு பெட்டி இருக்கிறதே, அதன் தலையில் தடித்த எழுத்து, சாய்ந்த எழுத்து என்று பொத்தான்கள் வரிசையாக இருக்குமே, அதுதான். அதோடு பொருத்திக்கொள்ளும் சின்ன நிரல்களுக்கு ப்ளக்இன் என்று பெயர். ஒன்று அட்டவணை போடும், ஒன்று படம் சேர்க்கும், ஒன்று எழுதியதைத் தானாகச் சேமிக்கும். எல்லாம் ஜாவாஸ்கிரிப்டில் எழுதியவை. எல்லாம் ஓப்பன் சோர்ஸ். நிரலை யாரும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், இலவசமாகப் பயன்படுத்தலாம். பெரிய நிறுவனங்கள் தனி உதவி வேண்டி ஒப்பந்தம் போட்டன. எங்கள் சம்பளம் அதிலிருந்து வந்தது. மற்றவர்கள் இணையத்தில் எங்கள் பொதுப் பலகையில் கேள்வி எழுதினார்கள். அதற்கும் நாங்கள்தான் பதில் சொன்னோம்.

அதற்கு முன் நான் ஒரு தமிழ் நாளிதழின் மும்பைப் பதிப்பில் உதவி ஆசிரியர். பதிப்பை மூடினார்கள். ஆண்டாப் ஹில் வீட்டில் சில மாதங்கள் உட்கார்ந்திருந்துவிட்டு, தெரிந்தவர் சொல்லி, செம்பூர் அலுவலகத்துக்குப் போனேன். அதை நடத்தியவர் வசந்தா மேடம். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். எனக்கு நிரல் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் ஒரு புகாரைக் கையில் கொடுத்தார். யாரோ கோபத்தில் ஒரு பக்கம் முழுக்கத் திட்டியிருந்தார்.

"இதுல நடந்தது என்னன்னு ரெண்டு வரில எழுதுங்கோ."

எழுதிக் கொடுத்தேன். படித்தார்.

"நிரல் எழுதறவா இங்க நிறைய இருக்கா. நடந்ததை எழுதறவா இல்லை. திங்கட்கிழமை வந்துடுங்கோ, முருகேசன்."

ஜாவாஸ்கிரிப்டை அங்கேயே கற்றேன். முதலில் பிறர் நிரலைப் படித்தேன், பிறகு அதில் சிறு திருத்தம் செய்தேன், பிறகு சொந்தமாக இரண்டு ப்ளக்இன் எழுதினேன். அவை இன்றும் ஓடுகின்றன. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

வசந்தா மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எந்தப் பதிலையும் அனுப்பும் முன் உரக்கப் படிக்கச் சொல்வார். படிக்கும்போது நமக்கே கூச்சமாக இருக்கும் வரிகளை நாமே அடித்துவிடுவோம். பதிலின் முதல் வரியில், புகார் எழுதியவர் எதை இழந்தார், அது திரும்பக் கிடைக்குமா கிடைக்காதா என்பது இருக்க வேண்டும். மற்ற விளக்கமெல்லாம் பிறகு. ஒரு பதிலில் ஒரு கேள்விதான் கேட்கலாம். ஐந்து கேள்வி கேட்டால் ஆள் ஓடிப்போவார் என்பது அவர் அனுபவம். "என் கம்ப்யூட்டரில் சரியாக ஓடுகிறதே" என்று யாராவது சொன்னால் அவர் அன்று எல்லோருக்கும் காபி வாங்க வேண்டும். எங்கள் நிரலாளர் நிலேஷ், சாத்தாராக்காரர், இந்த வகையில் நிறையக் காபி வாங்கியிருக்கிறார்.

எந்தத் தகவலோடு போனாலும் மேடம் முதலில் கேட்பது ஒன்றுதான்.

"பாத்தேளா, கேட்டேளா?"

பார்த்தது ஒரு தட்டில், கேள்விப்பட்டது இன்னொரு தட்டில். செய்தி அறையில் என் தலைமை உதவி ஆசிரியரும் இப்படித்தான் பிரிப்பார். ஆகவே எனக்கு இது சிரமமாக இல்லை.

தானாகச் சேமிக்கும் ப்ளக்இன் எங்களிடம் வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். வெளிநாட்டு மாணவர் ஒருவர், எங்கள் எடிட்டரில் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய், எழுதியது முழுவதையும் இழந்தார். எங்களைக் கடுமையாகத் திட்டி எழுதினார். நான் பதில் போட்டேன்: உங்கள் கட்டுரை திரும்பக் கிடைக்காது, வருந்துகிறோம், எழுதியதைத் தானாகச் சேமிக்கும் ப்ளக்இன் எங்களிடம் இல்லை. சில வாரம் கழித்து அவரே அதை எழுதி அனுப்பினார். எழுதும்போது அவ்வப்போதும், பக்கத்தை மூடும் நொடியிலும், திரையில் உள்ளதை அது, எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் கணினியான சர்வருக்கு அனுப்பிவிடும். எத்தனையோ பேரின் எழுத்தை அது காப்பாற்றியது. இரண்டு பேர் ஒரே பக்கத்தைத் திறந்து இருவரும் தட்டச்சு செய்ய ஆரம்பித்தால் எச்சரிக்கையும் காட்டும். நல்ல நிரல்.

இனி அந்த வழக்கு.

எங்கள் பலகையில் எல்லோரும் ஆங்கிலத்தில் எழுதுவார்கள். ஒரு நாள் தமிழில் ஒரு புகார் வந்தது. "நாங்கள் செய்யும் திருத்தங்கள் போய்ச் சேருவதில்லை. சில நாள் சேருகிறது, பல நாள் சேரவில்லை. நாங்கள் பொய் சொல்லவில்லை." கீழே ராணி என்ற பெயரும் தாராவி என்ற ஊரும் இருந்தன. பலகையில் சம்பளமில்லாமல் எங்களுக்கு உதவும் தன்னார்வலர் ஒருவர், வேறு நாட்டிலிருந்து, அதை மொழிபெயர்த்துப் பார்த்து, பயனரின் கவனக்குறைவு என்று முடித்து வைத்திருந்தார். மேடம் அதைத் திரும்பத் திறந்தார்.

"பொய் சொல்லலைன்னு ஒருத்தி எதுக்கு எழுதணும்? யாரோ பொய்னு சொல்லியிருக்கா. போய்ப் பாருங்கோ, இங்கதானே இருக்கு தாராவி."

பை தைக்கும் பட்டறைக்கு மேலே, இரும்பு ஏணியில் ஏறிப் போக வேண்டிய ஓர் அறை. பெண்கள் சேர்ந்து நடத்தும் தட்டச்சுக் குழு. தலைவி முத்துலட்சுமி மேலிருந்து குரல் கொடுத்தார்.

"வாங்க அண்ணாச்சி. ஏணி ஆடும், பயப்படாதீய. இதுவரைக்கும் ஒருத்தரும் விழல."

"அரே அக்கா, போன வாரம் கொரியர்க்காரன் விழுந்தாம்லா!" என்றாள் உள்ளேயிருந்த இளம்பெண். அவள்தான் ராணி.

"அவன் போனப் பாத்துக்கிட்டே ஏறுனாம்ட்டி. அது கணக்குல வராது."

விவரம் இதுதான். வடாலாவில் அலுவலகம் வைத்திருந்த ஒரு பதிப்பகம் தமிழ்வழிப் பள்ளிகளுக்குத் துணைநூல் போட்டது. கையெழுத்துப் பிரதி இவர்களிடம் வரும். பதிப்பகத்தின் இணையதளத்தில், எங்கள் எடிட்டரில், இவர்கள் அதைத் தட்டச்சு செய்வார்கள். பிறகு பிழை பார்த்துத் திருத்தி அனுப்புவார்கள். தட்டச்சு செய்தது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. திருத்தியது சேரவில்லை. பதிப்பகத்தின் மேலாளர் சர்வரைப் பார்த்தார். கடைசியாக வந்திருப்பது திருத்தம் இல்லாத பழைய பிரதி, அதுவும் இவர்கள் கணக்கிலிருந்தே வந்தது. பிழை பார்க்காமலே பார்த்ததாகச் சொல்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார். பள்ளி திறக்கும் முன் நூல் அச்சுக்குப் போக வேண்டும். அந்த வாரத்துக்குள் விஷயம் தெளியாவிட்டால் வேலை வேறு இடத்துக்குப் போகும்.

"இந்தப் புஸ்தகம் போனாப் போவுது அண்ணாச்சி," என்றார் முத்துலட்சுமி. "பாக்காமலே பாத்தோம்னு சொல்றவளுவன்னு பேரு வந்துட்டுன்னா, பெறவு எவன் வேலை குடுப்பான்? இருக்கிற தாராவிக்கு அது ஒண்ணுதான் கொறச்சல்."

மூலையில் இருந்த பேச்சியம்மாள் என்னைப் பார்க்காமலே பேசினார். "அவிய ஒரு தடவ சொல்லியாச்சு. இவரும் பாத்துட்டு அதையே சொல்லிட்டுப் போட்டும்."

அவர்கள் பிழை பார்க்கும் முறை எனக்குப் பழக்கமானது. நாளிதழில் ஒருவர் வாசிக்க மற்றவர் ஒப்பிட்டுத் திருத்துவோம். இங்கேயும் அதேதான், இடம் மட்டும் குறைவு. அறை குறுகலானதால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார முடியாது. ஒரு சின்ன மேசையில் இரண்டு பழைய லேப்டாப்கள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. ராணி ஒரு பக்கம், பேச்சியம்மாள் எதிர்ப்பக்கம். இரண்டிலும் அதே பாடம் திறந்திருந்தது. பேச்சியம்மாள் தன் திரையில் இருப்பதை உரக்க வாசித்தார், கமா, முற்றுப்புள்ளி, புதுப் பத்தி என்று ஒன்று விடாமல், ஒரே ராகத்தில். ராணி கையெழுத்துப் பிரதியில் விரல் வைத்துத் தொடர்ந்தாள். வேறுபட்டால் "நில்லுங்க" என்று சொல்லித் தன் லேப்டாப்பில் திருத்தினாள். பேச்சியம்மாள் எதையும் தட்டவில்லை. பக்கத்தை நகர்த்துவதோடு சரி. நான் செய்தித்தாளில் பார்த்த பல பிழை திருத்துநர்களைவிட இவர்கள் சுத்தமாக வேலை பார்த்தார்கள்.

பாடம் முடிந்தது. ராணி "அனுப்பு" பொத்தானை அழுத்தினாள், பக்கத்தை மூடினாள், குடங்களை எடுத்துக்கொண்டாள். அவள் சந்தில் மாலையில்தான் தண்ணீர் வரும். அவளோடு நானும் ஏணி இறங்கினேன்.

மறுநாள் காலையில் பதிப்பகம் பழைய பிரதிதான் வந்திருக்கிறது என்றது.

நிலேஷ் இரண்டு கம்ப்யூட்டர்களை வைத்து, இரண்டிலும் ஒரே நேரத்தில் தட்டிச் சோதித்தார். எச்சரிக்கை ஒழுங்காக வந்தது. சேமிப்பும் ஒழுங்காக நடந்தது. "மேரே மஷீன் பே தோ..." என்று அதே பழைய வாக்கியத்தை இந்தியில் ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, காபி வாங்கப் போனார். நான் நிரலை வரிவரியாகப் படித்தேன். மூடும்போது, மாற்றம் ஏதும் இருந்தால் மட்டும் அனுப்பு என்றுதான் எழுதியிருந்தது. அதிலும் தவறில்லை.

மேடம் என்னை உட்கார வைத்துக் கேட்டார்.

"அவ அனுப்பினதுக்கு அப்புறம் என்ன ஆச்சு?"

"முடிஞ்சுது மேடம். கிளம்பிட்டேன்."

"முடிஞ்சுதுன்னு யார் சொன்னா? ராணி சொன்னாளா, நீங்களா நெனச்சுண்டேளா?"

"நானா நெனச்சுக்கிட்டேன் மேடம்."

"ஒரு முனையைத்தான் பாத்திருக்கேள். இன்னொரு முனைல நான் உக்காந்துக்கறேன். நீங்க நாளைக்கு அங்கயே இருங்கோ, கடைசி ஆள் எழுந்து போறவரைக்கும்."

அவர் வடாலாவுக்குப் போய் மேலாளருக்குப் பக்கத்தில், சர்வரில் வந்து விழும் பிரதிகளைக் காட்டும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். நான் தாராவி அறையில். இரண்டு பக்கமும் போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்தோம். கீழே தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்ததால் சத்தமாகத்தான் பேச வேண்டியிருந்தது.

அன்று அறிவியல் பாடம். தட்டச்சு செய்தபோது ஒரு முழு வரி விடுபட்டிருந்தது. இலையின் அடிப்பக்கத்தில் உள்ள துளைகளைப் பற்றிய வரி. பேச்சியம்மாள் வாசிக்கும்போது ராணி அதைப் பிடித்தாள், சேர்த்தாள். மற்ற திருத்தங்களும் முடிந்தன. "அனுப்பு" அழுத்தினாள்.

போனில் மேலாளரின் குரல் வந்தது. "வந்துடுச்சு. இலை வரி இருக்கு. எல்லாம் சரியா இருக்கு." பிறகு, "பக்கத்துல ஒரு ஆள் உட்கார்ந்திருந்தா சரியாத்தானே பண்ணுவாங்க மேடம்," என்றார்.

அறையில் எல்லோர் காதிலும் அது விழுந்தது. பேச்சியம்மாள் என் பக்கம் திரும்பினார். "கேட்டியளா? கேட்டியளா அண்ணாச்சி? இதுக்குத்தான் நீங்க வந்து உக்காந்தியளா?"

மேடம் என்னிடம் சொன்னார்: "போனை வெச்சுடாதீங்கோ. தெனமும் அடுத்தாப்பல என்ன செய்வாளோ, அதை அப்படியே செய்யச் சொல்லுங்கோ."

ராணி பக்கத்தை மூடிவிட்டுக் குடங்களோடு இறங்கிப் போனாள். பேச்சியம்மாள் கையெழுத்துத் தாள்களை அடுக்கிக் கட்டினார். ராணியின் லேப்டாப்பைத் துணியால் மூடினார். பிறகு தன் பக்கம் வந்து, திறந்திருந்த பாடத்தை மூடினார்.

"நில்லுங்கோ," என்றது போன். "மாறிடுத்து."

"என்ன மாறிடுச்சு?" இது மேலாளர். மவுஸ் தட்டும் சத்தம் கேட்டது. "அட... இலை வரியக் காணோமே. இப்பத்தானே பார்த்தேன்!"

பேச்சியம்மாள் கையை உதறிக்கொண்டு எழுந்தார். "நான் ஒண்ணையும் தொடல சாமி! மூடுனேன், அவ்வளவுதான்!"

"அவ்வளவுதான் அக்கா. நீங்க செஞ்சது சரி. நீங்க மூடினப்போ எங்க ப்ளக்இன்தான் பழசை அனுப்பியிருக்கு," என்றேன்.

பேச்சியம்மாளின் திரையில் இருந்தது திருத்தத்துக்கு முந்தைய பாடம். அவர் அதை வாசிக்க மட்டுமே திறந்து வைத்திருந்தார். மூடும் நொடியில், காப்பாற்றுவதற்கென்றே எழுதப்பட்ட ப்ளக்இன் அதைப் புதிய பிரதி என்று சர்வருக்கு அனுப்பியது. ராணி அனுப்பிய திருத்தம் அழியவில்லை, முந்தைய பிரதியாக அதற்கு அடியில் போய்விட்டது. ராணி தனியாக உட்கார்ந்து திருத்திய நாட்களில் இரண்டாவது லேப்டாப் இல்லை, ஆகவே திருத்தம் சேர்ந்தது. இருவரும் உட்கார்ந்து முறையாகப் பிழை பார்த்த நாட்களில்தான் தொலைந்தது. பேச்சியம்மாள் எதையும் தட்டாததால் எச்சரிக்கையும் வரவில்லை.

மேடம் போனில் மேலாளரிடம் சொல்வது கேட்டது. "இதுக்கு முந்தின பிரதியைத் திறங்கோ. இப்போ போன வாரப் பாடம். அதுலயும் முந்தினதைத் திறங்கோ. அதுக்கு முன்னாடி வந்த பாடம்."

நேரம் போனது. முத்துலட்சுமி போனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாத்துலயும் திருத்தம் இருக்கு மேடம்," என்றார் மேலாளர்.

"சார்," என்றார் முத்துலட்சுமி. "இங்க கீழ மெஷின் ஓடுது. காது கேக்கல. சத்தமாச் சொல்லுங்க."

"எல்லாத்துலயும் திருத்தம் இருக்கும்மா! எல்லாம் பார்த்திருக்கீங்க!"

"இப்பம் கேக்குது," என்றார் முத்துலட்சுமி.

பேச்சியம்மாள் ஏணிப் பக்கம் போய்க் கீழே எட்டிப் பார்த்தார். எனக்கு ஒரு டீ சொன்னார்.

மாற்றம் இருந்தால் மட்டும் அனுப்ப வேண்டிய நிரல் ஏன் அனுப்பியது என்பது அன்றே தெரிந்துவிட்டது. எங்கள் எடிட்டர் ஒரு பக்கத்தைத் திறந்ததும், கூடுதல் இடைவெளி போன்ற சிலவற்றைத் தானே சீர்செய்யும். கண்ணுக்குத் தெரியாது. ப்ளக்இன் அதையும் மாற்றம் என்று எடுத்துக்கொண்டது. எடிட்டரும் சரி, ப்ளக்இனும் சரி. இரண்டும் சேர்ந்த இடத்தில் தவறு. நிலேஷ் திருத்தி எழுதினார். மனிதர் விசை தட்டினால் மட்டுமே மாற்றம். அப்படியிருந்தாலும் சர்வரில் அதைவிடப் புதிய பிரதி இருந்தால் மேலே எழுதாமல் கேட்க வேண்டும். தாராவி அறையிலேயே, அதே மேசையில், அதே இருவரை வைத்துச் சோதித்தோம். இலை வரி நின்றது.

அடுத்து, புதிய பதிப்போடு வெளியிடும் குறிப்பு. அதை எழுதுவது என் வேலை. தன்னார்வலர்கள் சிலர், "தானியங்கிச் சேமிப்பு மேம்படுத்தப்பட்டது" என்று போட்டால் போதும் என்றார்கள். எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள். தவறை விவரித்தால் பெரிய வாடிக்கையாளர்கள் பயந்துவிடுவார்கள் என்றும் ஒருவர் எழுதினார்.

மேடம் என்னைக் கேட்டார். "பேப்பர்ல தப்பு வந்தா என்ன செய்வேள்?"

"தப்பு என்ன, சரி என்ன, யாருக்குப் பாதகமாப் போச்சுன்னு மறுநாள் போடுவோம்."

"மேம்படுத்தினோம்னு போட்டா அந்தப் பொண்களுக்கு என்ன கெடைக்கும்? பேப்பர்ல போடறாப்பல எழுதுங்கோ."

எழுதினேன். உரக்கப் படித்தேன். ஒரு வரியையும் அடிக்க வேண்டியிருக்கவில்லை. இன்ன சூழ்நிலையில் எங்கள் ப்ளக்இன் புதிய பிரதிக்கு மேல் பழையதை எழுதிவிட்டது. திருத்தங்கள் தொலைந்ததற்குக் காரணம் நிரல், பயன்படுத்தியவர்கள் அல்ல. இதைக் கண்டுபிடிக்க உதவியது தாராவியில் உள்ள ஒரு தட்டச்சுக் குழு. ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. எங்கள் பலகையில் தமிழில் வந்த முதல் அறிவிப்பு அதுதான்.

பெரிய வாடிக்கையாளர் யாரும் பயப்படவில்லை. மாறாக, பலகையில் பதில்கள் வர ஆரம்பித்தன. எங்கோ இருவர் நடத்தும் செய்திமடலில் இதே போலத் திருத்தம் தொலைந்து, ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டுப் பேச்சு நின்றிருந்ததாம். ஒரு கல்லூரித் துறையில் குறிப்பெடுக்கும் உதவியாளரைக் கண்டித்திருந்தார்களாம், மன்னிப்புக் கேட்டுவிட்டோம் என்று எழுதியிருந்தார்கள். ப்ளக்இனை எழுதிய மாணவர், இப்போது மாணவர் இல்லை, நிலேஷின் திருத்தத்தைப் பார்த்துப் பாராட்டிவிட்டு, தாராவிப் பெண்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் என்றார். நான் நேரில் போய்ச் சொன்னேன்.

"யாருட்டி அது?" என்று கேட்டார் பேச்சியம்மாள்.

"நம்ம திருத்தத்த முழுங்கின ப்ளக்இன எழுதினவரு," என்றாள் ராணி.

"நல்லாருக்கட்டும். சாப்பிட்டாரான்னு கேளு."

நூல் நேரத்துக்கு அச்சானது. முதல் பிரதிகளை எடுத்துக்கொண்டு மேலாளரே ஏணி ஏறி வந்தார். முத்துலட்சுமி சொல்லி அனுப்பியதால் நானும் இருந்தேன். மேலாளர் நல்ல சட்டை போட்டிருந்தார். ஏணிக் கைப்பிடியில் இருந்த துரு சட்டையில் பட்டது. அவர் துடைக்கவில்லை. நின்றபடியே சொன்னார்: "நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா. மூணு பேர்கிட்டயும் சொல்றேன்."

முத்துலட்சுமி அவரை உட்காரச் சொன்னார். உட்காரக் கிடைத்தது பேச்சியம்மாளின் நாற்காலி. டீ வந்தது. ராணி அறிவியல் நூலைப் பிரித்து இலை வரியைத் தேடிக் கண்டுபிடித்தாள். பேச்சியம்மாள் அதை வாங்கி, முற்றுப்புள்ளியையும் சேர்த்து, உரக்க ஒரு தடவை வாசித்தார்.

மேலாளர் பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்தார். "அடுத்த வகுப்புப் புஸ்தகம். இதையும் நீங்கதான் பண்ணணும். வேற யார்கிட்டயும் பேசலை."

முத்துலட்சுமி கட்டை வாங்கவில்லை. மேசையில் வைக்கச் சொன்னார். மேல் தாளைப் பார்த்தார், கையெழுத்து எப்படி இருக்கிறது என்று இன்னும் சில தாள்களைப் புரட்டினார்.

"பாத்துச் சொல்லுதோம் சார்."

மேலாளர் தலையாட்டிவிட்டு இறங்கினார். அவர் சந்து திரும்பும் வரை ராணி பொறுத்திருந்தாள்.

"அக்கா, பாகல் ஆயிட்டியளா, பைத்தியமா? உடனே சரின்னு சொல்றதுக்கென்ன?"

"நாளைக்குச் சொல்லுவோம்ட்டி," என்றார் முத்துலட்சுமி. "ஒரு ராத்திரி நம்மள நெனச்சுக்கிட்டுப் படுக்கட்டும்."